பங்களாமுள்ளுக்கு ஆடிச்சீர்

ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை வெயில் மேற்கு மலையின் உச்சியில் முதலில் பட்டு, மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் சுருளிவேல் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கோடாலியோடு நின்றார். நெற்றியில் திருநீறு. எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு முட்செடி. அதன் கழுத்தில் அறுந்த செருப்பு ஒன்றும் தேய்ந்த விளக்குமாறு ஒன்றும் கயிற்றில் தொங்கின.

"காய்க்கிறியா, இல்ல வெட்டிச் சாய்க்கவா?" என்று அண்ணன் செடியைப் பார்த்துக் கேட்டார்.

செடிக்கும் கோடாலிக்கும் நடுவில் என் மனைவி ராஜாமணி கைகூப்பி நின்றாள். "விட்டுருங்கண்ணே. அடுத்த வருசம் காய்ச்சிரும். நான் பொறுப்பு."

நான் சற்றுத் தள்ளி, பேச்சியம்மா மதினி கொடுத்த காப்பி டம்ளரோடு நின்றேன். மதினி, அண்ணனின் மனைவி. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். ஒருவர் வெட்ட வந்தவராக நடிப்பார். இன்னொருவர் மரத்துக்காகப் பரிந்து பேசி ஜாமீன் கொடுப்பார். மூன்று முறை கேட்க வேண்டும், மூன்று முறை மன்றாட வேண்டும். செருப்பும் விளக்குமாறும் மரத்துக்கு ரோஷம் வருவதற்கு. இப்படி மிரட்டப்பட்ட புளியமரங்களும் மாமரங்களும் மறுவருடம் காய்த்துத் தள்ளியதாகச் சொல்வார்கள். வேறு சில நாடுகளிலும் தோட்டக்காரர்கள் பழமரங்களைக் கோடாலியோடு போய் மிரட்டுவதுண்டு என்று படித்திருக்கிறேன். மரங்களுக்கு எல்லா ஊரிலும் காது இருக்கிறது போலும்.

ஆனால் அன்றைய கோடாலி முழுக்க நடிப்பு இல்லை. சித்திரையில் கார் செட்டு கட்டக் கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த மிரட்டலுக்கு மசிந்து அந்தச் செடி அதற்குள் ஒரு பிஞ்சாவது காட்டவில்லை என்றால் வேரோடு எடுப்பது என்று அந்த வீட்டில் முடிவாகியிருந்தது.

அண்ணன் இரண்டாம் முறை கேட்பதற்குள், அந்தச் செடி அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தேதி தேடிப் போனவன்

தபால் ஆபீசில் முத்திரை குத்தியே காலம் தள்ளியவன் நான். தேதி இல்லாத எதையும் என் மனம் நம்புவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு இந்த வட்டாரத்துப் பாலங்கள், சாவடிகள், பங்களாக்கள் எந்த ஆண்டில் கட்டப்பட்டவை என்று தேடிப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் முற்றிவிட்டது. ராஜாமணி என்னை 'தேதி சீல்' என்றுதான் அழைப்பாள்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் ஒரு பாலத்துக்கு நான் போட்ட ஆண்டு தவறு என்று சிலமலை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன். அவர் சொன்னதே சரி. அந்த வெட்கத்தில் இந்த வாரம் ஆண்டு எதையும் போடுவதாக இல்லை. தமிழ் மாதங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். மாதங்களில் நான் தவறியதில்லை.

சுருளி அண்ணனுக்குப் பூப்பாறைக்குக் கீழே சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம். தினமும் விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவருடைய ஜீப்பு போடிமெட்டு ஏறும். ஒருநாள் அவர், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றை இடிக்கப் போகிறார்கள், வாசலுக்கு மேலே கல்லில் வருசம் வெட்டியிருக்கிறது, வேண்டுமானால் வந்து பார் என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போனால், அந்தக் கல்லின் மேல் யாரோ எந்தக் காலத்திலோ சிமெண்டு பூசிவிட்டிருந்தார்கள். ஆணியால் சுரண்டிப் பார்த்தேன். சிமெண்டு கல்லைவிடக் கெட்டி.

ஏமாற்றத்தோடு பங்களாவைச் சுற்றி வந்தபோதுதான் அந்த வேலியைப் பார்த்தேன். சரிவின் விளிம்பில் நெடுகப் பச்சைச் சுவர்போல் நின்றது. இலை சிறியது, பளபளப்பானது. முள் ஒவ்வொன்றும் கோணி ஊசி நீளம். உள்ளே ஆங்காங்கே சின்ன எலுமிச்சை அளவில் மஞ்சள் பழங்கள். தோலில் மெல்லிய பூனைமயிர். முகர்ந்தால் நல்ல பழுத்த வாசனை. வாயில் வைத்தால் காது வரைக்கும் ஏறும் புளிப்பு.

காவலுக்கு இருந்த மலையாளத்துச் சேட்டன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கொள்ளாம் சாரே, பக்ஷே நல்ல புளியா." நல்ல பழம்தான், ஆனால் கடும் புளிப்பு என்கிறார்.

மறுவாரம் ஜே.சி.பி. வந்து வேலியைப் பிடுங்கப் போகிறது என்றும் சொன்னார். நான் வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, கைக்கு எட்டிய பழங்களையெல்லாம் பறித்துச் சட்டையின் இரண்டு பைகளையும் நிரப்பினேன். கையெல்லாம் கீறல். ஆண்டைத் தேடிப் போனவன் பழத்தோடு திரும்பினேன். இரண்டு சட்டைப் பைகள் என்பதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். பிற்பாடு அது ஒரு பெரிய வழக்கைத் தீர்த்து வைத்தது.

ஏலக்காய் ஊரின் தவறு

செடிக்குப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. களாவா என்று சிலர் கேட்டார்கள். களா எனக்குத் தெரியாதா? அதை ஒடித்தால் பால் வரும், இதில் வராது. ஆகவே நாங்களே பங்களாமுள் என்று பெயர் வைத்தோம்.

விதையைச் சதை போகக் கழுவி, நிழலில் ஆறவைத்து, காயும் முன்னே ஊன்ற வேண்டும். அண்ணன் தன் ஏல நாற்றங்காலிலிருந்து பிளாஸ்டிக் பைகளும் மண்ணும் கொண்டுவந்து தந்தார். கூடவே யோசனையும் தந்தார். ஏலக்காய் ஊரில் எந்தச் செடிக்கும் ஒரே யோசனைதான்: நிழல் கொடு, தண்ணீர் காட்டு. நான் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுக் காலையும் மாலையும் பூவாளியால் ஊற்றினேன்.

நாற்றுகள் வெளிறி, நூலாக நீண்டு, ஒவ்வொன்றாக அழுகிச் சாய்ந்தன. இந்தச் செடிக்கு நிழல் ஆகாது, ஈரமும் ஆகாது. வெட்டவெளியும் வறட்சியும்தான் அதற்குத் தாய்வீடு. எந்த நாற்றுக்கு நான் அதிகம் பாடுபட்டேனோ அது முதலில் செத்தது. பூனை தட்டிவிட்டுப் பந்தலுக்கு வெளியே உருண்ட இரண்டு நாற்றுப் பைகள் மட்டும் வெயிலில் கிடந்து கம்பீரமாக வளர்ந்தன.

அந்த இரண்டில் நெட்டையாக இருந்ததை அண்ணனுக்குக் கொடுத்தேன். குட்டையை நான் வைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டு வீட்டு வாசல் தோட்டத்துக்கும் நடுவே மார்பளவுச் சுவர் ஒன்று உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நட்டோம்.

சில ஆண்டுகள் முள்ளைத் தவிர வேறெதையும் அவை தரவில்லை. பிறகு ஒரு ஆடியில் எங்கள் செடி காய்த்தது. இலை தெரியாமல் காய்த்தது என்று எழுதினால் மிகையாகிவிடும். முள் தெரியாமல் காய்த்தது என்று எழுதலாம்.

பழமும் காற்றும்

முள்ளுக்குள் கையை விட்டுப் பழம் பறிக்க முயன்று முதல் வருடம் நான் பட்ட பாடு ராஜாமணிக்கு நல்ல பொழுதுபோக்கு. அவள்தான் வேறு வழி கண்டுபிடித்தாள். போடியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாக இறங்கி வந்து, கொடியில் காயும் வேட்டியை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடும். ஏலக்காய் உலர்த்தும் நைலான் வலை ஒன்றை அண்ணனிடம் வாங்கிச் செடிக்கு அடியில் விரித்துக் கட்டினாள். பிறகு வீட்டுக்குள் போய்விட்டாள். பழுத்ததைப் பழுத்த அன்றே காற்று உதிர்த்துக் கொடுத்தது. காயைத் தொடவில்லை. இவ்வளவு நிதானமான வேலையாள் சம்பளத்துக்குக் கிடைக்க மாட்டார்.

பச்சைக்காயைக் கீறி உப்பில் ஊறவைத்து, வெயிலில் வாட்டி, மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சேர்த்தால் ஊறுகாய். பழத்தை இரண்டாக அரிந்து சர்க்கரை தூவி ஒருநாள் மூடி வைத்தால் தானாகச் சாறு விடும். அதை அடுப்பில் ஏற்றிக் கிண்டி, இறக்கும்போது இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டால், அந்த ஜாமின் வாசனைக்குத் தெருமுனை வரை ஆள் வரும். புளிக்குப் பதிலாக நாலு பழத்தை நசுக்கி மீன்குழம்பில் போட்டுப் பார்த்தாள். குடம்புளிக்கே பழகிப்போன மலைத் தோட்டத்துப் பெண்கள் சிலர் அதைச் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகும் ஜீப்பை எங்கள் வாசலில் நிறுத்திப் பழம் கேட்க ஆரம்பித்தார்கள்.

ராஜாமணியின் கையில் ஒரு பாட்டிலாவது இல்லாமல் எந்த வீட்டு விசேஷத்துக்கும் நாங்கள் போனதில்லை. ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்து வீட்டில், நாங்கள் வந்ததைவிட ஊறுகாய் வந்ததைத்தான் முதலில் விசாரித்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

அண்ணன் வீட்டுச் செடி வளர்ந்தது, தழைத்தது, முள்ளை நீட்டியது. காய்க்கவே இல்லை.

முதலில் அதைக் கேலியாகத்தான் சொன்னார். சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏப்பா தம்பி, நல்லத நீ வச்சுக்கிட்டு வீணாப்போனத என் தலையில கட்டிட்டயே" என்பார். நெட்டையாகப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்பேன். "கல்யாணச் சந்தையில இப்பிடித்தான் நெட்டையக் காட்டி ஏமாத்துவாய்ங்க" என்பார்.

ஜீப்பின் டயரை அந்த முள் இரண்டு தடவை பஞ்சராக்கிய பிறகு கேலியில் கொஞ்சம் காரம் ஏறியது. நான் தெரிந்தே செய்தேன் என்று அவர் நினைக்கத் தொடங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். நாங்கள் கொடுத்தனுப்பும் ஜாமை வாங்கிக்கொள்வார். ஆனால் முன்பு போல் விரலால் வழித்துச் சாப்பிடுவதில்லை.

இதற்கிடையில் ஒரு தை மாதத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. வாசலில் பந்தல் போட இடைஞ்சலாக இருந்தது என்று செடியை இடுப்பளவுக்கு வெட்டினார்கள். அது சளைக்காமல் மறுபடியும் தழைத்தது. அந்த வருடத்து ஆடியில் எங்கள் செடியும் சரியாகக் காய்க்கவில்லை. வலையில் ஒரு சுளகு கொள்ளும் அளவுகூட விழவில்லை. காற்று முந்திக்கொண்டு பூவை உதிர்த்துவிட்டது என்று நான் ஒரு காரணம் கண்டுபிடித்து, அதில் திருப்தியும் அடைந்தேன்.

கல்யாணத்துக்கு வந்திருந்த உறவினர் ஒருவர்தான் மதினியிடம், புதுசாகக் கல்யாணமான பிள்ளை வந்துபோகும் வாசலில் காய்க்காத முள்ளை வைத்திருக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மதினிக்கு அது மனதில் தைத்துவிட்டது. மகள்மேல் உள்ள பயம். யாருக்கும் வரும்.

ஒருநாள் தோட்டத்தில் அண்ணனிடம், "இந்த மலட்டுச் செடிய எப்பத்தான் எடுக்கப்போறீக?" என்று மதினி கேட்டது சுவர் தாண்டி வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் ராஜாமணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் வீட்டில் அது ஆறிப்போன பழைய சங்கதி. இந்தத் தொடரில் இதுவரை எழுதியதில்லை, எழுதும் தேவையும் வரவில்லை. மதினி அதை நினைத்துச் சொன்னவர் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ராஜாமணி கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு சுவரருகே போய், "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ மிரட்டிப் பாப்பமே மதினி. பரிஞ்சு பேச நான் வர்றேன்" என்றாள்.

மூன்றாம் முறை

இரண்டாம் முறை கேட்டபோது அண்ணன் கோடாலியின் பின்புறத்தால் தண்டில் ஒரு தட்டுத் தட்டினார். விளக்குமாறு ஆடியது. ராஜாமணி முன்போலவே சொன்னாள். அடுத்த வருசம் காய்க்கும், நான் பொறுப்பு.

மூன்றாம் முறை அவர் குரலை உயர்த்தினார். நடிப்பில் மனிதர் நன்றாக இறங்கிவிட்டார். "கடைசியாக் கேக்குறேன். காய்க்கிறியா, வெட்டவா?"

ராஜாமணி கூப்பிய கையைக் கீழே இறக்கினாள்.

"காய்க்கலேன்னாலும் இருக்கட்டும்ணே" என்றாள். "தவிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கு. ஆடு மாடு உள்ள வராமக் காக்குது. காய்ச்சாத்தான் இருக்கணுமா?"

அது அந்தச் சடங்கில் இல்லாத வசனம். அண்ணன் கோடாலியைத் தூக்கியபடியே நின்றார். என் கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மா மதினி விறுவிறுவென்று நடந்து வந்தார். ராஜாமணியின் கையைப் பிடித்தார். "வாத்தா இங்கிட்டு. அந்தக் கோடாலியக் கீழ போடுங்க நீங்க. அறிவுகெட்ட சோலி" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். சொன்னது கணவரை அல்ல, தன்னைத்தான் என்று அவர் குரலில் தெரிந்தது.

ஆனால் ராஜாமணியால் நகர முடியவில்லை. பேச்சுக்கிடையில் பின்னால் சாய்ந்துவிட்டதில் பங்களாமுள் அவள் சேலையை நாலைந்து இடத்தில் பிடித்துக்கொண்டது. தனக்காகப் பேசியவளை விட மனமில்லை போல. மதினி ஒவ்வொரு முள்ளாக விடுவித்தார். கிளை உலுங்கியது. ராஜாமணி அன்று கட்டியிருந்தது கருநீலச் சேலை. தோளிலிருந்து முழங்கை வரை மஞ்சள் தூளாகப் படிந்துவிட்டது.

"என்னத்தா இது, சேலையெல்லாம் மஞ்சப்பொடி?"

குனிந்து பார்த்தோம். இலைக்கணுக்களில் கொத்துக் கொத்தாகப் பூ. இதழே கிடையாது. பச்சையும் மஞ்சளும் கலந்த குஞ்சம் மட்டும். இத்தனை வருடத்தில் அது பூக்கும் என்பதையே நாங்கள் யாரும் கவனித்ததில்லை. குஞ்சங்களில் தேனீக்கள் மொய்த்தன. கால்களில் மஞ்சள் உருண்டையோடு ஒவ்வொன்றாக எழும்பி, சுவருக்கு மேலே ஏறி, எங்கள் தோட்டத்துக்குள் இறங்கின.

அண்ணன் கோடாலியை வைத்துவிட்டு அந்தத் தேனீக்களையே பார்த்தார். ஏலக்காய்க்காரருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. தேனீ வராவிட்டால் ஏலச்சரம் காய் பிடிக்காமல் மொட்டையாக நிற்கும் என்று தினமும் பார்க்கிறவர். சுவரைச் சுற்றி வர அவருக்குப் பொறுமையில்லை. அந்த வயதில் சுவரேறிக் குதித்து எங்கள் செடியிடம் போனார். நாங்கள் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினோம்.

எங்கள் செடியிலும் பூ இருந்தது. ஆனால் குஞ்சம் இல்லை, தூள் இல்லை. ஒவ்வொரு பூவின் நடுவிலும் மிளகு அளவில் ஒரு பச்சை முடிச்சு.

"பனையில ஆணும் பொண்ணும் தனித்தனியா இல்லையா?" என்றார் அண்ணன், மெதுவாக. "மலையில ஜாதிக்கா மரம் இல்லையா?"

"அப்ப நம்மது ஆம்பளச் செடியா?" என்றார் மதினி.

"ஆம்பளயப் போயா காய்க்கிறியா காய்க்கிறியான்னு செருப்பக் கட்டி மிரட்டுனோம்? அது என்னடி பண்ணும் பாவம்" என்றார் அண்ணன்.

முதலில் சிரித்தது ராஜாமணி. பிறகு யார் யார் என்று சொல்ல முடியாது. தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்.

முறை என்ன முறை?

என் பங்குக்கு ஒரு சான்று கொடுக்காமல் இருக்க முடியுமா? பந்தலுக்காக அண்ணன் வீட்டுச் செடியை வெட்டியது தையில். பூப்பது மாசியில். அந்த வருடம்தான் எங்கள் செடி ஏமாற்றியது. காற்றின்மேல் நான் போட்டது பொய் வழக்கு.

இதைச் சொன்னதும் அண்ணன் என் தோளில் கை போட்டார். "மாப்ள மொட்டையடிச்சிருந்தா பொண்ணு எப்பிடிப்பா சிரிக்கும்?" என்றார்.

அப்போது மதினிக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தது. இரண்டும் ஒரே வேலியிலிருந்து வந்த விதை. அண்ணன் தங்கச்சி முறை ஆகாதா?

இங்கேதான் என் இரண்டு சட்டைப் பைகள் வருகின்றன. வேலி நீளமானது, முனைக்கு முனை செடி வேறு, வலது பையில் ஒரு முனை, இடது பையில் மறுமுனை என்று நான் விளக்கினேன். எந்த நாற்று எந்தப் பை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு வேறு சந்தேகம். "அது சரி. நானும் தம்பியும் அண்ணன் தம்பியால்ல பழகுறோம். அண்ணன் தம்பி வீட்டுக்குள்ள எப்பிடிச் சம்பந்தம் பண்றது?"

ராஜாமணியிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. "அது நீங்களும் அவரும் வச்சுக்கிட்ட முறை. நான் ஒங்கள அண்ணேன்னும் இவுகள மதினின்னும்தான கூப்பிடுறேன்? அண்ணன் மகனுக்குத் தங்கச்சி மக. கட்டிக்கிற முறைதான்."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். 'தங்கச்சி மக' என்று அவள் சொன்னது மட்டும் எனக்குக் கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

அன்றே அண்ணன் செருப்பையும் விளக்குமாற்றையும் அவிழ்த்தார். மதினி ஒரு சொம்புத் தண்ணீரில் மஞ்சள் கரைத்துச் செடியைச் சுற்றித் தெளித்தார். கார் செட்டு வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிப்போனது. கொத்தனார் காரணம் கேட்டபோது, "மாப்ள நிக்கிற எடம்ப்பா" என்றாராம் அண்ணன்.

இரண்டு பூவையும் கைபேசியில் படமெடுத்து நான் தேடிப் பார்த்தேன். தென்னாப்பிரிக்காவில் கேய் என்ற ஆற்றங்கரையைச் சேர்ந்த செடியாம். வேலிக்காக வெள்ளைக்காரர்கள் பல நாடுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆண் தனி, பெண் தனி என்றும் போட்டிருந்தது. வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்ட விஷயம் என்பதால் யாரும் அதை ஆவலோடு கேட்கவில்லை.

எனக்கு ஒரு சிரமம் மட்டும் மிச்சம். ராஜாமணியின் கணக்குப்படி நான் அவரை இனி மச்சான் என்று கூப்பிட வேண்டும். இத்தனை வருடம் அண்ணே என்ற நாக்கு இன்னும் தடுமாறுகிறது.

ஆடி

அந்த வருடம் ஆடிக்காற்று முறையாக வந்தது. வலை கிழிந்துவிடும் போலிருந்தது. முதல்நாள் விழுந்த பழத்தை நான் ஒன்று எடுத்து வாயில் வைக்கப் போனேன். ராஜாமணி கையைத் தட்டிவிட்டாள்.

"பொண்ணு வீட்டுக்காரவுக மொதல்ல திங்கக் கூடாது. சீர் போகணும்."

புதுச் சம்பந்தத்துக்கு ஆடிச்சீர் கொண்டுபோவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததில்லை. அவள் பீரோவைத் திறந்து பட்டுச்சேலை எடுத்துக் கட்டினாள். எப்போதோ வாங்கிப் பரணில் கிடந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கினாள். நடுவில் மஞ்சள் பழங்களைக் குவித்து, சுற்றி வெற்றிலை பாக்கு, பூ, ஒரு பாட்டில் ஜாம், ஒரு பாட்டில் ஊறுகாய், ஒரு துண்டு என்று அடுக்கினாள். சுவருக்கு மேலே நீட்டினால் போதுமே, எட்டும் தூரம்தானே என்றேன். அவள் கேட்கவில்லை. தெருவில் இறங்கி, நாலு பேர் பார்க்க நடந்து, அவர்கள் வாசல் வழியாகத்தான் போனாள். தாம்பாளத்துப் பூவைக் காற்று கொண்டுபோகாமல் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

மதினியும் பட்டுச்சேலையில்தான் நின்றார். இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டார்களோ என்னவோ. "வாங்க சம்பந்தியம்மா" என்று தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி, ராஜாமணிக்குக் குங்குமம் கொடுத்தார். பிறகு ஒரு பழத்தை அரிந்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு வாயில் போட்டார். ஒரு கண் மூடிக்கொண்டது. தாடை கூசியதில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள இருக்க லட்சணத்துக்குப் பேத்தி இனிப்பாவா இருப்பா" என்றார் கடைசியில்.

சுருளி அண்ணன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டு மிடுக்கை எங்கிருந்தோ கடன் வாங்கியிருந்தார். தாம்பாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் சரித்தா. தலை ஆடிக்கு மாப்ளைக்கு மோதிரம் போட மாட்டாகளா?"

"வெரலக் காட்டச் சொல்லுங்கண்ணே, போட்டுருவோம்" என்றாள் ராஜாமணி. "பூராம் முள்ளாத்தான இருக்கு?"

பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜாம் பாட்டிலைத் திறந்து அண்ணன் விரலால் வழித்துச் சாப்பிட்டார். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எங்கள் கூடத்து ஜன்னல் திரை ஒரு பக்கமாகத் தொங்கியது. கம்பியில் மாட்டும் பித்தளை வளையம் ஒன்றைக் காணவில்லை. ராஜாமணியைத் தேடித் தோட்டத்துக்குப் போனேன். சுவருக்கு மேலே எக்கி, அந்தப் பக்கச் செடியின் இளங்கிளை ஒன்றை முள் படாமல் வளைத்துப் பிடித்து, வளையத்தை நுனி வழியாகக் கோத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"சும்மா கேட்டாரு அவரு" என்றேன்.

"கேட்டுட்டாருல்ல" என்றாள்.

அதற்குப் பிறகும் ஆடிகள் வந்தன. தாம்பாளம் தவறாமல் போகிறது. அண்ணன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது இப்போது எங்கள் ஜாமை உள்ளங்கையில் வைத்து நக்குகிறது. மதினி சுவரருகே வந்து கறிவேப்பிலை கேட்டாலும் "சம்பந்தியம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். அடுப்பில் என்ன இருந்தாலும் இவள் அந்தக் குரலுக்கு வெரசாகப் போய்விடுகிறாள்.

எங்கள் ஜன்னல் திரை அத்தனை ஆடிகளும் ஒரு பக்கமாகவே தொங்கியது. போன வாரம் அதைச் சரிசெய்யலாம் என்று அந்த வளையத்தைப் போய்ப் பார்த்தேன். இளங்கிளை விரல் கனத்துக்குத் தடித்து, வளையத்தைத் தாண்டி நாலு பக்கமும் கிளை பிரிந்துவிட்டது. இனி அதைக் கழற்ற வேண்டுமானால் கோடாலிதான் வேண்டும்.

நான் திரும்பி வந்ததும், கடையில் வேறு வளையம் வாங்கி வரச் சொல்லிப் பையை எடுத்து நீட்டினாள் ராஜாமணி. நான் மச்சானையும் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.